எலி மருந்து தின்ற நாயும் மூன்று நாள் அவகாசமும்

எலிக்கு வைத்த மருந்தை நாய் தின்றுவிட்டால் அது அன்றே சுருண்டு விழும் என்பதுதான் பலரின் எதிர்பார்ப்பு. கோல சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. திங்கட்கிழமை காலையில் மரத்தடியில் கிடந்த மருந்துக்கட்டிகளை மென்று விழுங்கிய நாய், அன்று மாலை வழக்கம்போல் சோறு தின்று, செவ்வாயன்று வாலை ஆட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குச் செல்வோர் பின்னால் ஓடி, புதனன்றும் குரைத்துத் திரிந்து, வியாழனோ வெள்ளியோ படுத்த இடத்தைவிட்டு எழாமல், ஈறு வெளுத்து, மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இடைப்பட்ட மூன்று நாள்களில் நஞ்சு எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, நாய் ஏன் நலமாகத் தெரிந்தது என்பவற்றுக்கு விடை கண்டால், அந்த மூன்று நாள்களில் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவாகிவிடும். அவை நாயைக் காப்பாற்றுவதற்கென்றே கிடைத்த நாள்கள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியிலேயே அவை வீணாகக் கழிந்துபோவதுதான் இந்த நஞ்சின் கொடுமை.

மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது இதே வட்டாரத்தில்தான். ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் ஊரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல் அதை நட்டார். மற்றொரு தோட்டப்பயிரான பால்மரம் (ரப்பர்) எலிக்கு இவ்வளவு தீனி தருவதில்லை. செம்பனையோ ஆண்டு முழுவதும் எண்ணெய் நிறைந்த பழங்களைத் தருவதோடு, வெட்டிப் போட்ட மட்டைகளை வரிசையாக அடுக்குவதால் எலி குடியிருக்க இடமும் தருகிறது. எலிகள் பழத்தின் சதையைக் கொறிப்பதோடு நிற்பதில்லை. மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து 1981இல் கொண்டுவரப்பட்ட கூன்வண்டின் புழுக்களையும் அவை ஆண் பூங்கொத்துகளைப் பிய்த்துத் தின்கின்றன. ஆகவே எலி மருந்து வைப்பது இத்தோட்டங்களில் எப்போதாவது நடக்கும் செயலன்று. களை எடுப்பது போலவும் உரம் போடுவது போலவும் முறை வைத்துச் செய்யப்படும் வேலை.

அந்த வேலையின் அளவை நாய் வளர்ப்போர் அறிந்திருப்பது நல்லது. ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 140 செம்பனை மரங்கள் நிற்கின்றன. மரத்துக்கு ஒன்றாக, களை நீக்கிய வட்டத்துக்குள், தானியத்தோடு மெழுகு சேர்த்து அச்சிட்ட கட்டி ஒன்று வைக்கப்படுகிறது. பத்து ஹெக்டர் காட்டில் அப்படி 1,400 கட்டிகள் திறந்த தரையில் கிடக்கும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை சுற்றிவந்து, தின்னப்பட்ட கட்டிக்குப் பதில் புதியது வைத்து, எடுக்கப்படும் கட்டிகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறையும்வரை இதைத் தொடர்வார்கள். மெழுகு மழையில் கரையாமல் காப்பதற்கும் தானியம் எலியை ஈர்ப்பதற்கும் சேர்க்கப்பட்டவை. நாய்க்கும் அவை தின்பண்டமாகவே படுகின்றன. கட்டியின் சிவப்பு, நீலம், பச்சை நிறங்கள் மனிதர்களை எச்சரிப்பதற்கானவை. மோப்பத்தால் உலகை அறியும் விலங்கை நிறத்தால் தடுக்க முடியாது.

இந்த மருந்து மெதுவாகக் கொல்வது குறைபாட்டினால் அன்று. அந்தத் தாமதத்துக்காகவே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. எலி ஐயம் மிகுந்த விலங்கு. புதிய உணவில் சிறிது கடித்துப் பார்த்து, உடலுக்கு ஒவ்வாமல் போனால் அந்தச் சுவையை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி தொடுவதில்லை. இதை 'இரை வெறுப்பு' எனலாம். உடனே வேலை செய்யும் பழைய நஞ்சுகளை வைத்தபோது சில எலிகள் செத்தன, மீந்தவை கற்றுக்கொண்டன. தின்றதற்கும் நோய்க்கும் இடையே பல நாள் இடைவெளி விழுந்தால் எலியால் இரண்டையும் தொடர்புபடுத்த முடியாது. எலியை ஏமாற்றும் அதே இடைவெளிதான் நாயின் சொந்தக்காரரையும் ஏமாற்றுகிறது.

இனி அந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்கலாம். குருதிக்குழாயில் கீறல் விழுந்தால் அதை அடைப்பதற்குக் குருதியில் மிதக்கும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி வலைபோல் பின்னிக்கொள்கின்றன. இவற்றுக்கு 'உறைதற்காரணிகள்' என்று பெயர். இவற்றுள் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து என்று எண்ணிடப்பட்ட நான்கும் கல்லீரலில் உருவாகி, கடைசிக் கட்டத்தில் உயிர்ச்சத்து 'கே'யின் உதவியால் மெருகு பெற வேண்டும். அந்த மெருகு ஏறிய பின்னரே அவை சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு காயத்தின் விளிம்பில் ஒட்டி நிற்க முடியும் என்பது 1974இல் தெளிவாயிற்று.

தோட்டத்தில் பழம் வெட்டும் வேலையைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். கல்லீரலை வெட்டுக்காடாகவும், உறைதற்காரணிகளை மரத்தில் தொங்கும் குலைகளாகவும், உயிர்ச்சத்து 'கே'யை நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளாகவும் வைத்துக்கொள்வோம். இந்த அரிவாளுக்கு ஒரு விசித்திரம் உண்டு: ஒரு குலையை வெட்டியவுடனே அது முழுக்க மழுங்கிவிடும். மழுங்கியதைச் சாணைக்கல்லில் தீட்டினால் மறுபடி கூர்மை பெறும். உடலில் அந்தச் சாணைக்கல்லின் வேலையைச் செய்வது ஒரு நொதி. தீர்ந்துபோன உயிர்ச்சத்தைப் புதுப்பித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த அது உதவுவதால்தான் மிகச் சிறிதளவு உயிர்ச்சத்தைக் கொண்டே உடல் காலம் தள்ளுகிறது. எலி மருந்து அரிவாளையோ குலையையோ ஆளையோ தொடுவதில்லை. சாணைக்கல்லை மட்டும் பூட்டி வைத்துவிடுகிறது.

அதன்பின் நடப்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. கையிலிருந்த கூரிய அரிவாள்கள் ஒவ்வொன்றாக மழுங்குகின்றன. குலைகள் வெட்டப்படாமல் மரத்திலேயே நிற்கின்றன. எனினும் முன்பே வெட்டிச் சாலையோர மேடையில் அடுக்கிய குலைகளை லாரி தொடர்ந்து ஏற்றிச் செல்கிறது. ஆலையில் இருப்பவருக்குக் காட்டில் வேலை நின்றுபோனது தெரியாது. மேடை காலியாகும் நாளில்தான் குறை வெளிப்படும். குருதியில் சுற்றிக்கொண்டிருக்கும் உறைதற்காரணிகளே அந்த மேடையிருப்பு. ஓர் இருப்பு பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தை 'அரைவாழ்வு' என்பர். நாயின் குருதியில் ஏழாம் காரணியின் அரைவாழ்வு ஏறத்தாழ 6 மணி நேரம், இரண்டாம் காரணியுடையது ஏறத்தாழ 40 மணி நேரம். ஏழாவது முதல் நாளிலேயே வற்றத் தொடங்கினாலும் மற்றவை தாங்கிப் பிடிப்பதால், மூன்று முதல் ஐந்து நாள்கள்வரை வெளியே எதுவும் தெரிவதில்லை. அதன் பிறகு, ஓடும்போதும் குதிக்கும்போதும் எந்த உடலிலும் இயல்பாக ஏற்பட்டு உடனே அடைபடும் நுண்ணிய கீறல்கள், அடைபடாமல் கசியத் தொடங்குகின்றன.

இவ்வளவும் எலிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து தெரியவந்ததன்று. 1920களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில், கொம்பு நீக்குதல் போன்ற சிறு காயங்களிலேயே மாடுகள் குருதி நிற்காமல் இறந்தன. கனடாவின் கால்நடை நோயியலாளர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளே இவ்வாறு இறக்கின்றன என்று கண்டார். 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலினூடே, எட் கார்ல்சன் என்னும் விஸ்கான்சின் குடியானவர் இறந்த கிடாரி ஒன்றையும், அந்த வைக்கோலையும், உறையாத குருதி நிறைந்த பால்கேன் ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடிசன் நகரில் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் ஆய்வகக் கதவைத் தட்டினார். பால்கேனில் குருதி நாள் கடந்தும் திரவமாகவே இருந்ததுதான் லிங்குக்குக் கிடைத்த துப்பு. வைக்கோலின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி முயலின் குருதி உறைவதைத் தாமதப்படுத்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஆறாண்டு உழைப்புக்குப் பின் 1939இல் அவருடைய குழு அந்தப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த ஒரு சேர்மமே 1948இல் எலி மருந்தாக வெளிவந்த வார்ஃபரின். ஆராய்ச்சிக்குப் பணம் தந்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள் அப்பெயரில் உள்ளன.

மாற்று மருந்து வேறொரு திசையிலிருந்து வந்தது. டென்மார்க்கில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனியை மட்டும் தின்ற கோழிக்குஞ்சுகள் தோலடியில் குருதி கசிந்து நலிவதைக் கண்டு, அத்தீனியில் இல்லாத ஏதோ ஒரு சத்தே குருதியை உறையச் செய்கிறது என்று முடிவுசெய்து, 1935இல் அதற்கு உயிர்ச்சத்து 'கே' என்று பெயரிட்டார். இதற்காக எட்வர்டு டாய்சியுடன் 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரு தடங்களும் ஒன்று சேர்ந்தது 1951இல்: அமெரிக்கப் படைவீரர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் வார்ஃபரின் எலி மருந்தைப் பல நாள் தொடர்ந்து தின்றும், உயிர்ச்சத்து 'கே'யும் குருதியும் ஏற்றப்பட்டு முழுமையாகப் பிழைத்தெழுந்தார். சில ஆண்டுகளில் வார்ஃபரின் மனிதர்களுக்கான மருந்தாகவும் ஆயிற்று. இதய நோயாளிகள் இன்று விழுங்கும் மாத்திரையும் மரத்தடிக் கட்டியும் ஒரே வேர் கொண்டவை.

மலேசியத் தோட்டங்களில் வார்ஃபரின் பரவலாகப் பயன்பட்டுவந்த நிலையில், அதற்கு அசையாத எலிகள் 1980களில் பெருகின. அவற்றுக்காக வந்தவையே புரோடிஃபாக்கம், புரோமாடியோலோன், ஃபுளோகுமாஃபென் முதலிய 'இரண்டாம் தலைமுறை' உறைவெதிர்ப்பிகள். இவை அதே சாணைக்கல்லைத்தான் பூட்டுகின்றன. ஆனால் பூட்டின் வலிமையும் பூட்டிக் கிடக்கும் காலமும் மிகமிகக் கூடுதல். இந்த வேறுபாடு நாய்க்கு எவ்வளவு முக்கியமானது என்பதைக் கணக்கே காட்டும். வார்ஃபரின் கட்டியில் நஞ்சு பொதுவாக 0.05 விழுக்காடு. ஒரே வேளையில் தின்று இறப்பதற்கு, 10 கிலோ எடையுள்ள நாய் குறைந்தது ஏறத்தாழ 400 கிராம் கட்டி தின்ன வேண்டியிருக்கும். ஆனால் நாளுக்கு 20 கிராம் வீதம் ஒரு வாரம் பத்து நாள் தொடர்ந்து தின்றாலே அது உயிருக்கு ஆபத்து. சாணைக்கல் ஒருநாள் பூட்டப்பட்டால் மேடையிருப்பு சமாளித்துவிடும், நாள்தோறும் பூட்டப்பட்டால் சமாளிக்காது. அதனால் காட்டில் தினமும் ஒன்றிரண்டு கட்டிகளைத் தேடித் தின்னும் நாய், ஒருநாள் நிறையத் தின்ற நாயைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். புரோடிஃபாக்கமோ 0.005 விழுக்காடே இருந்தாலும், நூல்கள் குறிக்கும் மிகத் தாழ்ந்த கொல்லும் அளவைக் கொண்டு பார்த்தால், அதே நாய்க்கு 50 கிராம் கட்டி ஒரே வேளையில் போதும். அதுமட்டுமன்றி, அது கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும்.

இந்தத் தங்கும் தன்மைக்குக் கூகை சாட்சி. எலியைப் பிடிக்கவென்று தோட்டங்களிலும், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களிலும் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் குடியேற்றப்படும் இப்பறவை, இரண்டாம் தலைமுறை மருந்து புகுந்த தோட்டங்களில் மருந்துண்ட எலிகளைத் தின்று எண்ணிக்கையில் சரிந்தது 1980களிலேயே பதிவாயிற்று. செத்த எலி ஒன்றைத் தின்ற நாய்க்குப் பெரும்பாலும் ஆபத்து குறைவுதான், எலியின் உடலில் உள்ள நஞ்சு நாயின் எடைக்குச் சிறிது. ஆனால் மருந்து வைக்கும் வாரங்களில் எலி தின்பதையே வழக்கமாகக் கொண்ட நாய்க்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

ஆகவே நாய் கட்டியைத் தின்றதைப் பார்த்தாலும், தின்றிருக்கும் என்று ஐயுற்றாலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் வேலை மருந்தின் பெயரை அறிவது. உறையில் "பெராவிஸ் அக்திஃப்" என்னும் மலாய்ச் சொற்களுக்கு எதிரே அச்சிடப்பட்டிருப்பதே செயல்படு பொருள். வணிகப் பெயரைவிட அதுவே மருத்துவருக்குத் தேவை. உறை கிடைக்காவிட்டால், மருந்து வைப்பதை மேற்பார்வையிடும் மண்டோரிடமோ தோட்ட எழுத்தரான கிராணியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாயின் எடை, எத்தனை கட்டி காணவில்லை, எத்தனை மணிக்கு என்னும் மூன்றும் தெரிந்தால் கால்நடை மருத்துவர் தொலைபேசியிலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

தின்று இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் வாந்தி எடுக்கவைப்பது பயன் தரும். மருத்துவர் ஊசி போட்டு அதைச் செய்கிறார். வீட்டிலேயே உப்புக் கரைசலை வாயில் ஊற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது பெரும் தவறு. வாந்தி வராமல் உப்பு உடலில் தங்கினால், குருதியில் சோடியம் ஏறி மூளை பாதிக்கப்பட்டு, எலி மருந்து கொல்வதற்கு முன்பே உப்பு கொன்றுவிடும். புளிக்கரைசல், தேங்காய்ப்பால், பச்சை முட்டை முதலியவற்றை வாயைப் பிளந்து ஊற்றுகையில் அவை மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். எண்ணெயும் பாலும் கொழுப்பில் கரையும் நஞ்சு உட்செல்ல வழிசெய்யக்கூடியவை. அன்போடு செய்யப்படும் கைவைத்தியங்கள்தான் இவை, ஆனால் நாய் அதற்கு விலை கொடுக்கிறது.

வாந்திக்குப் பின் மருத்துவர் தருவது 'செயலூட்டிய கரி'. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவியால் துளைத்துச் செய்யப்படும் இக்கரியின் ஒரு கிராமுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். அந்தச் சுவர்களில் நஞ்சின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகின்றன. அடுப்புக்கரியை இடித்துத் தருவதால் இந்தப் பயன் கிட்டாது, அதில் அத்துளைகள் திறந்திருப்பதில்லை.

எல்லா நஞ்சுக்கும் இதே முறை பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்ணெண்ணெயையோ வாயைச் சுடும் பொருளையோ குடித்த நாயை வாந்தி எடுக்கவைத்தால், உள்ளே இறங்கியபோது செய்த கேட்டை அது மேலே ஏறும்போது மறுபடி செய்யும். பூச்சிமருந்துகளில் சில நரம்பைத் தாக்குபவை. எச்சில் வழிவதும் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவதும் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரியும். நத்தை மருந்தான மெட்டால்டிஹைட் மணிக்கணக்கில் உடல் நடுக்கமும் வலிப்பும் தரும். இவற்றுக்கு மூன்று நாள் அவகாசம் கிடையாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை உண்டு. கொட்டகை மூலைகளில் பழைய கலன் மீந்திருந்தால் அதன் சிறு அளவே நுரையீரலை அழிக்கப் போதும். ஏற்கெனவே தள்ளாடும் அல்லது வலிப்பு கண்ட நாயை எந்த நிலையிலும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

தின்றது யாருக்கும் தெரியாமல் நாள் கடந்துவிட்ட நாயிடம் முதலில் பார்க்க வேண்டியது வாய். மேலுதட்டை உயர்த்தி, ஈறைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தால், நலமான நாயில் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்கும். ஈறு இளஞ்சிவப்பு நிறம் மாறி வெண்மையாக இருப்பதும், அழுத்திய தடம் நிறம் திரும்பத் தயங்குவதும், ஈற்றிலும் வயிற்றுத் தோலிலும் செம்புள்ளிகள் தோன்றுவதும் குருதி எங்கோ கசிவதன் அடையாளங்கள். குருதி வெளியே தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது மார்புக்கூட்டினுள் தேங்குவதால் இருமலும் மூச்சுத்திணறலுமாக வெளிப்பட்டு, சளி என்று தவறாக எண்ணப்படுகிறது. மூட்டில் கசிந்தால் நாய் நொண்டும், அப்போது முள் தைத்ததா என்று பாதத்தைத் தேடுவார்கள்.

இந்நிலையில் உயிர்ச்சத்து 'கே'யின் மருந்து வடிவமான 'கே1' தந்தாலும் அது உடனே வேலை செய்யாது. புதிய அரிவாள்கள் வந்திறங்கினாலும் குலை வெட்டி மேடை நிரம்ப ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அதுவரை வேறொரு நாயின் குருதியோ அதன் பிளாஸ்மாவோ ஏற்றித்தான் உயிரைப் பிடித்துவைக்க முடியும். கசிவு தொடங்குமுன் வந்த நாய்க்கோ மாத்திரையே போதும், அதைக் கொழுப்புள்ள உணவோடு தந்தால் நன்றாக உட்கிரகிக்கப்படும். இங்கே சாணைக்கல் இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. மழுங்கியதைத் தீட்ட வழியின்றி, நாள்தோறும் புதிய அரிவாள்களைக் கொண்டுவந்து கொட்டுவதே இந்தச் சிகிச்சை. ஆகையால் கல்லீரலிலிருந்து நஞ்சு நீங்கும்வரை அதை நிறுத்தக் கூடாது: வார்ஃபரினுக்கு ஓரிரு வாரம், இரண்டாம் தலைமுறைக்கு மூன்று நான்கு வாரம் அல்லது அதற்கும் மேல். கீரையிலும் உயிர்ச்சத்து 'கே' உண்டு என்பது உண்மையே, ஆனால் தேவைப்படும் அளவுக்கு அது ஈடாகாது. உயிர்ச்சத்து 'கே3' என்று மலிவாகக் கிடைப்பது இந்த நஞ்சுக்கு மாற்றாகப் பயன்படாது.

காப்பாற்றப்பட்ட பின்னும் சில நாய்கள் இறப்பதுண்டு. நாய் தெளிந்து, தின்று, ஓடத் தொடங்கியதும் மாத்திரை நின்றுபோகிறது. முதலில் ஏமாற்றிய அதே மூன்று நாள் மௌனம் மறுபடி ஒருமுறை வருகிறது. இதனால்தான் கடைசி மாத்திரை தந்த நாளிலிருந்து நாற்பத்தெட்டு முதல் எழுபத்திரண்டு மணி நேரம் கழித்து, நாய் எவ்வளவு துள்ளினாலும், குருதி எடுத்து அது உறையும் நேரத்தை அளந்து பார்க்கிறார்கள். ஏழாம் காரணியே முதலில் வற்றுவது. அதைச் சார்ந்த அந்த அளவு இயல்பாக இருந்தால் உடல் தன் அரிவாளைத் தானே தீட்டிக்கொள்கிறது என்று பொருள். நீண்டிருந்தால் மாத்திரை மேலும் சில வாரம் தொடரும், பிறகு அதே சோதனை மறுபடி நடக்கும்.